செத்தவர் நிரந்தரமா, தற்காலிகமா?

ஸ்பானிஷ் கற்றுத்தரும் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். பலவற்றில் ஆரம்பப் பாடங்களிலேயே ஒரு பொன்மொழி வந்துவிடும். ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'இஸ்'. ஸ்பானிஷில் அதற்கு இரண்டு வினைச்சொற்கள்: செர், எஸ்தார். நிரந்தரம் என்றால் செர். தற்காலிகம் என்றால் எஸ்தார். தீர்ந்தது விஷயம்.

எங்கே தீர்ந்தது? ஒருத்தர் செத்துப் போய்விட்டார். அதைவிட நிரந்தரம் உண்டா? ஆனால் ஸ்பானிஷில் 'எஸ்தா முயெர்த்தோ'. அதாவது எஸ்தார்! இளமை நாலு நாள் கூத்து. அதற்கு 'எஸ் ஹோவென்' என்று செர் போடுகிறார்கள். மாத்ரித் நகரம் ஸ்பெயினை விட்டு எங்கேயும் ஓடிப்போகாது. அதற்கும் எஸ்தார்தான்.

மூன்றே உதாரணத்தில் பல்லிளிக்கிற விதி இது. மனப்பாடத்துக்கு வசதி என்பதற்காகவே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

போனால் ஒரு மார்க்தானே என்று நினைக்காதீர்கள். 'எஸ்தோய் அபுரிதோ' என்றால் எனக்கு போரடிக்கிறது. 'சோய் அபுரிதோ' என்றால் நானே ஒரு அறுவை. கூட வேலை பார்க்கும் பெண்ணை 'எஸ் புவேனா' என்றால் நல்ல மனுஷி. 'எஸ்தா புவேனா' என்றால் பல ஊர்களில் அது அவர் உடம்பைப் பற்றிய கமெண்ட். அறை விழுந்தால் புத்தகம் வந்து வாங்கிக்கொள்ளாது.

கணக்கு காலத்தில் இல்லை. யார், என்ன, எப்படிப்பட்டவர் என்பதற்கு செர். எங்கே, எந்த நிலையில் என்பதற்கு எஸ்தார். எஸ்தாரின் மூலம், நிற்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'ஸ்தாரே'. சாவும் ஒருவர் போய்ச் சேர்ந்த நிலைதானே?

தமிழ் தெரிந்தவருக்கு இது பாதி தெரிந்த சமாசாரம். 'அவர் டாக்டர்' என்கிறோம். வினையே கிடையாது. 'அவர் வீட்ல இருக்கார்' எனும்போது 'இரு' வந்துவிடுகிறது. முன்னது செர், பின்னது எஸ்தார். இன்னொன்று பாருங்கள். 'கல்யாணம் மண்டபத்துல', ஆனால் 'மாப்பிள்ளை மண்டபத்துல இருக்கார்'. ஸ்பானிஷிலும் அப்படியே. விசேஷம் நடக்கும் இடத்துக்கு செர், ஆள் இருக்கும் இடத்துக்கு எஸ்தார்.

எல்லா இடத்திலும் பொருந்தாதுதான். 'பையன் உயரமா இருக்கான்' என்போம். அங்கே அவர்கள் பொதுவாக செர் போடுவார்கள். ஆனாலும் ஆங்கில 'இஸ்' வழியாகச் சுற்றிப் போவதைவிட இது கிட்டத்து வழி.

இனி யாராவது நிரந்தரம், தற்காலிகம் என்று பாடம் ஆரம்பித்தால், 'செத்தவர் கேஸ் என்ன ஆச்சு?' என்று கேளுங்கள்.