நாற்பத்தாறு வயதுக் கதாநாயகன்

என் நாவல் ஒன்றைப் பற்றி இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு கடிதம் வந்தது. பாராட்டிவரும் கடிதங்களை நான் பத்திரப்படுத்துவதில்லை. திட்டி வருபவற்றையும்தான். இது இரண்டிலும் சேராததால் மேஜை டிராயரிலேயே தங்கிவிட்டது. எழுதியவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தவர். மில் மூடி அப்போது இருபது மாதம் ஆகியிருந்தது. அவருக்கு வயது 46. என் நாவலின் கதாநாயகனுக்கும் ஏறக்குறைய அதே வயது, அதே நிலைமை. அந்தக் காரணத்துக்காகவே லைப்ரரியிலிருந்து எடுத்துப் போய்ப் படித்தாராம்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார். "தங்கள் கதாநாயகன் வேலை போன மூன்றாம் மாதம் தாடி வளர்க்கிறான். அது 22 வயதுப் பையன் செய்கிற காரியம். நான் உத்தியோகத்தில் இருந்தபோது வாரத்துக்கு மூன்று நாள்தான் க்ஷவரம் செய்துகொள்வேன். இப்போது தினமும் செய்துகொள்கிறேன். காலை ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறேன். நம்பிக்கை, நம்பிக்கை என்று தாங்கள் பல இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குக் காலையில் கண் விழிக்கும்போது இருப்பதில்லை. சட்டையை மாட்டிய பிறகு கொஞ்சம் வருகிறது."

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு தாடிக்காக நாவலையே குற்றம் சொல்வதா! ஆனால் அவர் சொன்னது தாடியை மட்டும் அல்ல என்பது சில நாள் கழித்துத்தான் உறைத்தது.

நம்முடைய கதைகளுக்கும் சினிமாக்களுக்கும் வேலை இல்லாத வாலிபனை நன்றாகத் தெரியும். 1980-ல் ஒரே வருஷத்தில் 'வறுமையின் நிறம் சிவப்பு' என்றும் 'நிழல்கள்' என்றும் இரண்டு படங்கள் வந்தன. இரண்டிலும் பட்டம் பெற்ற பையன்கள் பசியோடு அலைகிறார்கள். அவர்களுக்குக் கோபம் இருக்கிறது. கோபம் இருந்தால் வசனம் இருக்கிறது. வயதானவனுடைய சங்கதி வேறு. அவன் ஊரில் பாதிப் பேருக்குக் கடன் கொடுத்தவன், கல்யாணங்களில் மொய் எழுதியவன். மைத்துனன் அவனிடம்தான் யோசனை கேட்பான். உலகத்தை எதிர்த்து உரக்கப் பேச அவனுக்கு வாய் வராது. கோபம் இருக்கவேண்டிய இடத்தில் வெட்கம் இருக்கிறது. வெட்கப்படுகிறவனை வைத்துக்கொண்டு வசனம் எழுதுவது சிரமம்.

அப்படியானால் இவனை யாருமே எழுதவில்லையா? எழுதியிருக்கிறார்கள். உலக இலக்கியத்தில் இந்த ஜாதிக்குத் தலைவர் என்று டிக்கன்ஸின் மிக்காபரைத்தான் சொல்லவேண்டும். 1849-லும் 1850-லும் மாதா மாதம் வெளிவந்த 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் வருகிறவர். தலை வழுக்கை, வீடு நிறையக் குழந்தைகள், வாசல் நிறையக் கடன்காரர்கள். ஏதாவது ஒன்று வந்து சேரும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். இங்கிலீஷ் அகராதியில் ஆதாரமில்லாத நம்பிக்கைக்கு அவர் பெயரே ஒரு சொல்லாகிவிட்டது. நாமும் சிரித்துவிட்டுப் போகிறோம்.

இந்தக் கடிதத்துக்குப் பிறகு அந்த நாவலைத் திரும்பப் புரட்டினேன். முன்பு கவனிக்காத ஓர் இடம் கண்ணில் பட்டது. கடன்காரர்கள் வாசலில் நின்று கூச்சல் போடுகிறார்கள். மிக்காபர் அவமானம் தாங்காமல் சவரக் கத்தியைத் தம்மை நோக்கி ஓங்குகிறார். அரை மணி நேரம் ஆகிறது. அதே மனிதர் தம் பூட்ஸுக்கு வெகு சிரத்தையாகப் பாலிஷ் போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு மெட்டை முனகியபடி வெளியே கிளம்புகிறார். டிக்கன்ஸ் இதை வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்கோ கோயம்புத்தூர்க்காரர் ஞாபகத்துக்கு வந்தார். உள்ளே கத்தி, வெளியே பாலிஷ். இரண்டும் ஒரே மனிதனிடம், அரை மணி இடைவெளியில்.

டிக்கன்ஸுக்கு இது எப்படித் தெரிந்தது என்று ஆராயவேண்டியதில்லை. கடற்படைச் சம்பள ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அவருடைய தகப்பனார் 1824-ல் கடனுக்காகச் சிறைக்குப் போனார். அந்த நாளில் பன்னிரண்டு வயதுப் பையனான டிக்கன்ஸ் ஒரு தொழிற்சாலையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தப் புட்டிகளில் இருந்தது பூட்ஸ் பாலிஷ்!

மிக்காபர் சம்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமர்சகர்கள் அவளைக் கவனிப்பதில்லை. புருஷனுக்கு நிலக்கரி வியாபாரம் ஒத்துவருமா, பாங்கி ஒத்துவருமா என்று ஒரு வக்கீலைப் போல் பாயிண்ட் பாயிண்டாக அலசுகிறவள் அவள். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து உலகத்தையே சவாலுக்கு அழைக்கவேண்டும் என்பதும் அவளுடைய யோசனைதான். அவர் சோர்ந்த நாட்களில் நம்பிக்கையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் காலை திருப்பிக் கொடுக்கிறாள். மத்தியதர வயதில் வேலை தேடுகிறவன் வீட்டில் இந்தக் கைமாற்று நடக்காமல் இருக்காது. அதை மனைவியின் அசட்டுத்தனம் என்று எழுதியது டிக்கன்ஸின் குறை.

பெரிய குறை கடைசியில் வருகிறது. மிக்காபரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றி, அங்கே மாஜிஸ்டிரேட் ஆக்கிவிடுகிறார். லண்டனில் யாரும் கொடுக்காத உத்தியோகத்தை ஆசிரியரே கொடுத்துவிட்டார். வாசகர்களுக்கும் சந்தோஷம், ஆசிரியருக்கும் நிம்மதி.

இந்த மாதிரி ஏமாற்றாதவர் இத்தாலியின் டி சிகா. 1948-ல் அவர் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' 1952-ல் நம் தேசத்தின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவிலேயே காட்டப்பட்ட படம். பலரும் பார்த்திருப்பீர்கள். வெகு நாளாக வேலையில்லாத ரிச்சிக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி கட்டில் விரிப்புகளை உருவி, துவைத்துக் கொண்டுபோய் அடகு வைத்து அதை மீட்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போய்விடுகிறது. அப்புறம் தகப்பனும் மகனும் ரோமாபுரி முழுக்கத் தேடுகிறார்கள்.

எல்லோரும் கடைசிக் காட்சியைச் சொல்வார்கள். எனக்கு அடகுக் கடைதான் பெரிதாகப் படுகிறது. கொடுத்த துணி மூட்டையைக் கடைச் சிப்பந்தி வாங்கிக்கொண்டு, அலமாரியின் தட்டுத் தட்டாக மேலே ஏறிக்கொண்டே போகிறான். பார்த்தால் கூரை வரைக்கும் மூட்டைகள். அத்தனையும் வேறு வேறு வீடுகளின் விரிப்புகள். எவ்வளவு காலமாக, எத்தனை பேர் வேலைக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது பேச்சே இல்லாமல் தெரிந்துவிடுகிறது.

ஆனாலும் படம் இரண்டு மூன்று நாளில் நடந்து முடிகிறது. அதற்கு முந்திய நீண்ட காலத்தை டி சிகாவும் தாண்டித்தான் வந்திருக்கிறார். அந்தக் காலம் படத்துக்கு வெளியே நிஜமாகவே நடந்தது. ரிச்சியாக நடித்த லம்பர்ட்டோ மாஜியொரானி தொழில் நடிகர் அல்ல. தொழிற்சாலையில் வேலை செய்தவர். படம் முடிந்து திரும்பிப் போனதும் அவர் வேலை போய்விட்டது. ஆள் குறைப்பு வந்தபோது, சினிமாவில் லட்சக்கணக்கில் சம்பாதித்தவன்தானே என்று அவரைக் கழித்துவிட்டார்கள். அவர் வாங்கியதோ சொற்பம். அப்போது அவருக்கு நாற்பது வயது. கொத்து வேலை செய்தார். சினிமாவில் சில்லறை வேஷங்களுக்கு அலைந்தார். உலகம் முழுவதும் தெரிந்த முகத்தை வைத்துக்கொண்டு வேலை கேட்பது எப்படி இருந்திருக்கும்! இதை வைத்து ஒரு படம் எடுத்தால் அதில் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. ஒருவர் போவார், கேட்பார், திரும்பி வருவார். மறுநாளும் அதேதான்.

கஷ்டமே இங்கேதான் இருக்கிறது. கதைக்குத் திருப்பம் வேண்டும். நீண்ட வேலை தேடலில் திருப்பமே கிடையாது. "இல்லை" என்று பதில் வந்தாலாவது ஓர் அத்தியாயத்தை முடிக்கலாம்; பெரும்பாலும் பதிலே வருவதில்லை. வராத பதிலை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் அத்தியாயத்தை முடிப்பது?

தமிழில் இதைத் தாண்டிய ஒருவர் உண்டு. ஜெமினி ஸ்டூடியோவில் பல வருஷம் உத்தியோகம் பார்த்த அசோகமித்திரன் எழுதிய 'புலிக்கலைஞன்' சிறுகதையைச் சொல்கிறேன். சினிமாக் கம்பெனிக்கு ஒருவன் வேலை கேட்டு வருகிறான். அது தெரியுமா, இது தெரியுமா என்று கேட்கிறார்கள். புலி வேஷம் தெரியும் என்கிறான். வேண்டாம் என்று சொல்லி அனுப்பப் பார்க்கிறார்கள். கொண்டுவந்த புலித் தலையை மாட்டிக்கொண்டு அந்த அறையிலேயே பாய்ந்து காட்டுகிறான். எத்தனை மாதம் அலைந்தான் என்று ஆசிரியர் கணக்கு ஒப்பிப்பதில்லை. ஆனால் அந்தப் பாய்ச்சலில் அத்தனை மாதமும் இருக்கிறது. வாய்ப்பு இல்லாத நாட்களிலும் அந்த உடம்பு பாய்ச்சலை மறக்காமல் வைத்திருந்திருக்கிறது. நம்பிக்கை என்ற வார்த்தையை எழுதாமலே நம்பிக்கையை எழுதியிருக்கிறார். பிறகு அவனுக்குக் கடிதம் போடுகிறார்கள். கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி மாஜிஸ்டிரேட் ஆக்கவில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது வயதில் எனக்கும் வேலை போயிற்று. நான் இருந்த பத்திரிகை நின்றுபோய்ப் பதினாலு மாதம் சும்மா இருந்தேன். அந்த அனுபவம்தான் நாவலாயிற்று என்று பேட்டிகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு. அந்தப் பதினாலு மாதமும் நானும் தினமும் முகச் சவரம் செய்துகொண்டேன். பத்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, வாசகசாலையில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு வீடு திரும்புவேன். வீட்டில் விஷயம் தெரியும். எதிர்வீட்டுக்காகத்தான். "இன்று கொஞ்சம் நேரமாகிவிட்டது போலிருக்கிறதே?" என்பாள் மனைவி, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி.

நாவல் எழுத உட்கார்ந்தபோது இதெல்லாம் அற்பமாகத் தோன்றியது. இலக்கியத்துக்குப் பெரிய துக்கம் வேண்டாமா? தாடியை வைத்தேன். நள்ளிரவில் சமுத்திரக் கரையில் நடக்கவிட்டேன். கடைசி அத்தியாயத்தில் ஒரு கடிதம் வரவழைத்து, பெரிய கம்பெனியில் பழைய சம்பளத்துக்கு மேலே ஐயாயிரம் கூட்டிக் கொடுத்தேன். எனக்குக் கிடைத்ததோ ஒரு சிநேகிதனுடைய தம்பி நடத்திய அச்சகத்தில் பாதிச் சம்பளத்துக்குப் புரூஃப் பார்க்கும் வேலை. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. அதைக்கூட எழுதவில்லை.

கோயம்புத்தூர்க்காரருக்குப் பதில் போட்டேன். தாடி விஷயத்தில் அவர் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டேன். பதினைந்து நாளில் ஒரு கார்டு வந்தது. "கடைசியில் வந்த அந்தக் கடிதத்தைப் பற்றித் தாங்கள் ஒன்றும் எழுதவில்லையே?" என்று கேட்டிருந்தார். வேலை கிடைத்ததா இல்லையா என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது நாவல் இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. பதிப்பாளர் புரூஃப் அனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமைக்குள் திருப்பித் தரவேண்டும். தாடி வருகிற ஏழு இடங்களிலும் அடித்துவிட்டேன். கடைசி அத்தியாயம் மேஜைமேல் அப்படியே இருக்கிறது.