'வயசாச்சு' ஒரு நோயின் பெயர் அல்ல

"வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." இடுப்பு வலிக்கிறது என்று சொல்லும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு வீட்டிலும் கிடைக்கும் பதில் இது, மருத்துவமனை வரிசையிலும் கிடைக்கும் பதில் இது. மூட்டுத் தேய்மானமும் எலும்புப்புரையும் வேறு வேறு நோய்கள். மூட்டு வலித்துக் காட்டிக்கொடுக்கும். எலும்புப்புரை பெரும்பாலும் எலும்பு முறியும்வரை வெளியே தெரியாது. இரண்டையும் 'தேய்மானம்' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம்.

எலும்பு கரைவதை மட்டுப்படுத்தி வந்த ஈஸ்ட்ரோஜன், மாதவிடாய் நிற்கும்போது குறைகிறது. அடுத்த சில ஆண்டுகளில்தான் எலும்பிழப்பு மிக வேகமாக நடக்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு இன்னும் முன்பே. இது கிழவியின் வயதல்ல. கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கு ஷிப்டு பார்க்கப் போகிற வயது.

அரசு இவளைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. கருவுற்றபோது பார்த்தது. கர்ப்பத்தின் 14ஆவது வாரத்திலிருந்து பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு மாதம்வரை, நாளொன்றுக்கு இரண்டு 500 மி.கி. கால்சியம் மாத்திரை தர வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2014 வழிகாட்டுதல். நல்ல ஏற்பாடுதான். அந்த ஆறு மாதம் முடிந்ததும் அவள் எலும்பு அரசின் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. பிள்ளைக்குப் பயன்பட்டவரை அந்த எலும்புக்கு மதிப்பிருந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகிறது. 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. அதைச் சுமந்து நடப்பவர்கள் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள். பெண்களின் கால்களில் நடக்கும் அந்தத் திட்டத்தில் பெண்களின் எலும்புக்கென்று ஒரு தலைப்பு இல்லை. இடுப்பெலும்பு முறிந்த பிறகு அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அதன் பின் படுக்கையில் இருப்பவளைத் தூக்கி உட்காரவைக்க ஒரு மகளோ மருமகளோ வேலையை விட வேண்டும். அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மேலைப் பெண்ணியம் மாதவிடாய் நிற்பதை நோயாக்கி விற்றதை எதிர்த்தது, நியாயமாகவே. ஹார்மோன் மாத்திரையை இளமையின் மருந்தென்று பல ஆண்டுகள் விற்றார்கள். 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றில் ஒரு பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டது: கூட்டு ஹார்மோன் எடுத்தவர்களிடம் இடுப்பெலும்பு முறிவு குறைந்தது, மார்பகப் புற்றுநோயும் மாரடைப்பும் கூடின. அந்த எச்சரிக்கை நமக்கும் வேண்டும். ஆனால் அளவுக்கு மீறிய மருத்துவத்தை எதிர்த்த வாதத்தை, மருத்துவமே எட்டாத இடத்தில் அப்படியே ஒப்பித்தால், "வயசாச்சுல்ல" என்பதற்குத்தான் அது துணைபோகும்.

எலும்படர்த்தியை அளக்கும் டெக்ஸா கருவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்காது. அது இல்லாமலே தொடங்கலாம். வயது, எடை, உயரம், முன்பு ஏற்பட்ட முறிவு, பெற்றோரின் இடுப்பெலும்பு முறிவு, ஸ்டீராய்டு மருந்து போன்ற கேள்விகளைக் கொண்டே அபாயத்தைக் கணிக்கும் 'ஃப்ராக்ஸ்' முறை 2008 முதல் இருக்கிறது. கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மருந்திலும் அரசியல் உண்டு. வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு சாப்பிட்டு, அரை மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல், படுக்காமல் நிமிர்ந்தே இருக்க வேண்டும். குனிந்து அடுப்படியைப் பெருக்கி, நின்றபடி ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கம்பெனி வேனுக்கு ஓடுகிறவளுக்கு அந்த அரை மணி நேரத்தை யார் தருவார்கள்? "மாத்திரையை ஒழுங்கா சாப்பிடல" என்று அவளைக் குறைசொல்வது சுலபம். ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியே ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், சிறுநீரகத்தையும் கால்சியம் அளவையும் சோதித்த பின், இவள் வாழ்க்கைக்குப் பொருந்தும்.

கப்பலூருக்குப் பக்கத்துத் தோப்பூரில் 2019 ஜனவரியில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினார்கள். பெரிய கட்டடம் வரட்டும். அதுவரை, பி.பி. பார்க்க வாசலுக்கு வருகிற பெண் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும்: தூரம் எப்போது நின்றது? கீழே விழுந்து எலும்பு முறிந்ததுண்டா? அந்தப் பதில்களை எழுத அவள் பதிவேட்டில் இடம் கேட்பது நம் வேலை.