மாறிக் கிடக்கும் சொற்கள்

பள்ளிப் பயிற்சி நூல்களிலும் சிறுவர் பகுதிகளிலும் 'சொற்களை முறைப்படுத்தி வாக்கியம் அமைக்க' என்னும் புதிர் இடம்பெறுவதை அன்பர்கள் அறிவர். ஒரே விடையைச் சரியென ஏற்கும் இப்புதிர் தமிழின் இயல்புக்கு ஒத்ததா என்பதே நம் வினா.

ஆங்கிலத்தில் இப்பயிற்சிக்குப் பொருளுண்டு. நாயையும் மனிதனையும் குறிக்கும் சொற்களை இடம் மாற்றினால், அங்கே கடித்தது யார் என்பதே மாறிவிடும். தமிழிலோ அப்பொறுப்பை வேற்றுமை உருபு ஏற்றுக்கொள்கிறது. 'தம்பி நேற்று அஞ்சலகத்தில் கடிதத்தைப் பெற்றான்' என்பதில் வினையை இறுதியில் நிறுத்தி, ஏனைய நான்கு சொற்களை 24 வகையாக அடுக்கலாம். யாவும் பிழையற்ற தமிழே. அழுத்தம் மட்டுமே வேறுபடும். வினையை ஒட்டி 'நேற்று' நின்றால் நாளுக்கு, 'தம்பி' நின்றால் ஆளுக்கு. அவற்றுள் 23 வரிசைகளைத் தவறெனக் கோடிட்டு மதிப்பெண் குறைப்பது, தாய்மொழியைச் செவ்வனே அறிந்த குழந்தையைத் தண்டிப்பதேயாகும்.

நம் முன்னோர் இவ்விளையாட்டை அறியாதவரல்லர். நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என நான்கைத் தொல்காப்பியம் கூறும். நன்னூல் எட்டுப் பொருள்கோள்களை வகுக்கும். சுரைக்காய் ஆழ்கிறது, அம்மி மிதக்கிறது, யானைக்கு நீச்சு, முயலுக்கு நிலை என்று ஒரு சுனையைப் பாடும் பழஞ்செய்யுளைத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் சுண்ணத்திற்கும், நன்னூல் உரைகாரர்கள் மொழிமாற்றுக்கும் எடுத்துக்காட்டுவர். இதனை நாம் உண்மையான புதிர் என்போம். கிடந்தபடியே படித்தாலும் இலக்கணம் வழுவவில்லை, உலகியல்தான் வழுவுகிறது. சுரையின் இலேசையும் அம்மியின் கனத்தையும் அறிந்தவனே விடை காண்பான். கண்டபின் யானை நிற்கவும் முயல் நீந்தவும் தக்க சுனை நம் கண்முன் விரிகிறது. ஆழத்தை அளக்க இதனினும் அழகிய கோல் ஏது?

இன்னொன்றும் கருதத்தக்கது. நன்னூலார் மொழிமாற்றை ஓரடிக்குள் அடக்கினார். பல அடிகளினின்றும் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்வதைக் கொண்டுகூட்டு எனப் பிரித்தார். கலைப்பதற்கும் எல்லை வேண்டும் என்ற தெளிவு அதில் புலப்படுகிறது. இன்றைய புதிர்களில் நாம் காணாதது அத்தெளிவையே.

ஒரு பத்தியின் வாக்கியங்களைக் கலைத்துத் தந்து வரிசைப்படுத்தச் சொல்லும் புதிரை நாம் வரவேற்கிறோம். 'அதனால்' என்று தொடங்கும் வாக்கியம் காரணத்துக்கு முன்னே நிற்க இயலாது. 'அவர்' என்பதற்கு முன் ஆள் வந்திருக்க வேண்டும். அங்கே குழந்தை நினைவைக் கோக்கப் பழகுகிறது. சொற்புதிரைக் கைவிட மனமில்லாதோர், 'பொருள் பிறழாத பிற வரிசைகளும் ஏற்கப்படும்' என விடைப்பட்டியலில் ஒரு வரி சேர்க்கட்டுமே! அதற்கு எவ்வளவு மை செலவாகிவிடும்?