பாதம் இறங்கும் அழகு

பாலே பார்க்கப் போகிறவர்கள் நடனமணி விரல்நுனியில் எழும்பும் கணத்துக்காகக் காத்திருந்து கைதட்டுகிறார்கள். நான் காத்திருப்பது அவள் இறங்கும் கணத்துக்கு. எழும்பும்போது ஓர் உந்துதலில் குறையை மறைத்துவிடலாம். நுனியிலிருந்து விரல்களின் அடிக்கு, அங்கிருந்து உள்ளங்கால் வழியாகக் குதிகாலுக்குச் சத்தமில்லாமல் இறங்குகிறபோது எதையும் மறைக்க முடியாது. பாதத்தில் பலம் இருந்தால்தான் அந்த நிதானம் வரும்.

1832-ல் பாரிஸ் ஆபராவில் ‘லா சில்ஃபீட்’ ஆடிய மரி தால்யோனியின் காலணியில் இன்றைய கெட்டி முனை கிடையாது. மெல்லிய சாட்டின் செருப்பு. நுனியிலும் ஓரத்திலும் ஊசிநூலால் நெருக்கி ஓட்டிய தையல்தான் பிடிமானம். மற்றதெல்லாம் தந்தை ஃபிலிப்போ நாளுக்கு ஆறு மணி நேரம் வாட்டி எடுத்த பாதத்தின் வேலை. துணியும் காகிதமும் பசையும் அடுக்கி இறுக்கிய முனை பின்னால் வந்தது. 1895-ல் ‘ஸ்வான் லேக்’கில் பியெரினா லென்யானி ஒற்றைக்காலில் 32 முறை சுழன்றது அப்படிக் கெட்டிப்பட்ட காலணியில். ஆனால் எந்தக் காலணியும் பலமில்லாத பாதத்தைத் தூக்கி நிறுத்தியதில்லை.

அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தாந்த்யூ என்ற பயிற்சியிலிருந்து. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்று காலை முன்னே நீட்டுவது, அவ்வளவுதான். முழுப் பாதமும் தரையை அழுத்தித் தேய்த்தபடி போக வேண்டும். முதலில் குதிகால் தரையை விடும், பிறகு விரல்களின் அடி, கடைசியில் நுனி மட்டும் தரையைத் தொட்டு நிற்கும். திரும்பும்போதும் அதே வழி. முழுப் பாதமும் யானைத் தும்பிக்கைபோல அசைய வேண்டும் என்பாராம் நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலஞ்சின். வலுவும் நெளிவும் ஒன்றாகக் கூடிய இடத்தை இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது.

இன்னொன்றை நீங்களே செய்து பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து வெறும் பாதத்தைத் தரையில் பதியுங்கள். விரல்களை மடக்காமல், நீட்டியபடியே தரையில் வைத்து, அவற்றின் அடி மூட்டுகளை மட்டும் மேலே எழுப்பப் பாருங்கள். விரல்கள் உடனே சுருண்டுகொள்ளும். உள்ளங்காலில் சுளீரென்று பிடிக்கும். அங்கே பிடிப்பவை, நடக்கும்போது நாம் நினைத்தும் பார்க்காத சின்னஞ்சிறு தசைகள். அவை சோம்பினால், கெண்டைக்காலில் தொடங்கி உட்கணுக்காலுக்குப் பின்னால் நழுவிப் பெருவிரல் நுனிவரை ஓடும் ஒற்றைத் தசைநாண்மேல் சுமை கூடுகிறது. நடனமணிகளைப் படுத்தும் கணுக்கால் வலிகளில் இந்த நாணுக்குப் பெரிய பங்கு உண்டு.

வில்லாக வளைந்த பாதத்தின்மேல் பலருக்கும் மோகம். நம்மூர் ரசிகர்களுக்கு ருக்மிணி தேவியை இந்திய நடனத்தின் பக்கம் திருப்பியவராகத் தெரிந்த அன்னா பாவ்லோவாவுக்கு வளைவு மிக உயரம். அதைத் தாங்கவே காலணியின் அடியில் கெட்டித் தோல் வைத்துக்கொண்டார். மார்கோ ஃபான்டெய்னுக்கு அந்த வளைவு வாய்க்கவில்லை, அதைக் குறையாகச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் 1949-ல் நியூயார்க்கில் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ ஆடி ஊரையே வசப்படுத்தினார். அதில் வரும் ரோஸ் அடாஜியோவில் இளவரசி ஒற்றைக்கால் நுனியில் நிற்க, நான்கு இளவரசர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கைகொடுப்பார்கள். ஒரு கையை விட்டு அடுத்த கையைப் பற்றும் இடைவெளியில் அவளுக்குத் துணை அந்த ஒரு பாதம்தான். என்னைக் கேட்டால், வளைவு பிறப்பில் வருவது. ரசிக்க வேண்டியது உழைத்துச் சேர்த்த பலத்தை.

உங்கள் வீட்டுக் குழந்தை பாலே கற்கிறது என்றால் நுனிக்காலணிக்கு அவசரப்படாதீர்கள். நல்ல ஆசிரியர்கள் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன்னால் பெரும்பாலும் அதைத் தருவதில்லை. வயது வந்தும் பலம் வராவிட்டால் அப்போதும் தருவதில்லை. இன்னும் ஒரு வருடம் தாந்த்யூவே போதும் என்று ஆசிரியர் சொன்னால், அவர் சொல்லைக் கேளுங்கள்.