கேப்டன் உடைத்த மட்டை

பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரைக் கவிழ்த்தது ‘போல் டாக்ஸ்’ என்ற தலைவரி என்பார்கள் சிலர், ஐரோப்பா என்பார்கள் சிலர். என்னைக் கேட்டால் ஜெஃப்ரி ஹௌவின் கிரிக்கெட் மட்டை என்பேன். கொஞ்சம் மிகைதான், இருக்கட்டும்.

ஆட்டத்தைத் தொடங்கியவர் தாட்சரே. 1990 நவம்பர் 12, லண்டன் கில்டுஹால் விருந்து. பந்துவீச்சு கடுமையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கிரீஸில்தான் நிற்கிறேன், பவுன்சருக்குக் குனிய மாட்டேன், கட்டையும் போட மாட்டேன் என்ற தோரணையில் பேசினார். மறுநாள் காமன்ஸ் சபையில், அவருடைய துணைப் பிரதமர் பதவியிலிருந்து விலகியிருந்த ஹௌ அதே மைதானத்தில் இறங்கினார். நிதியமைச்சரும் இங்கிலாந்து வங்கி கவர்னரும் ஐரோப்பாவோடு பேசிக்கொண்டிருக்க, பிரதமரே அவர்கள் திட்டத்தை மட்டம் தட்டினால் எப்படி? ஹௌ காட்டிய காட்சி இது: தொடக்க ஆட்டக்காரர்கள் உள்ளே போகிறார்கள். முதல் பந்து வந்ததும்தான் தெரிகிறது, மட்டை உடைந்திருக்கிறது. ஆட்டத்துக்கு முன்பே உடைக்கப்பட்டது. உடைத்தவர் கேப்டன்.

ஆங்கிலத்திலும் கேப்டன் கடைசியில்தான் வருகிறார். அந்த வரிசையில்தான் எனக்குக் கிறக்கம். கேப்டனை முன்னால் வைத்திருந்தால் அது வெறும் புகார். சபை சிரித்தது; ஹௌ குரலை ஏற்றவே இல்லை.

லேபர் கட்சியின் டெனிஸ் ஹீலி ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஹௌ தாக்குவது செத்த ஆடு கடித்துக் குதறுவதைப் போல என்று 1978இல் ஹீலி அடித்ததுதான் உச்சம் என்பது அவர்கள் கட்சி. நல்ல அடிதான், மறுக்கவில்லை. ஆனால் சிரித்ததோடு அது முடிந்துபோகிறது. மட்டையில் ஒரு குற்றப்பத்திரிகையே இருக்கிறது.

அச்சில் பார்த்துப் பழகிய உருவகத்தைத் தொடவே கூடாது என்று 1946இல் எழுத்தாளர் ஆர்வெல் விதி போட்டார். பிரிட்டிஷ் அரசியலில் கிரிக்கெட்டைவிடத் தேய்ந்த காசு ஏது? ஹௌ அதை வைத்துத்தான் வாங்கினார். சொல்லுக்குள் இருக்கும் காட்சியைக் கடைசிவரை கண்ணால் பார்த்துப் பேசுகிறவனுக்கு அந்த விதி வேண்டியதில்லை.

இன்றைய பத்தி எழுத்தாளர்கள் எதைப் பார்க்கிறார்கள்? ஒரே பத்தியில் ரெட் லைனைத் தாண்டுகிறார்கள், டப்பாவை உதைத்துத் தள்ளுகிறார்கள், கேம் சேஞ்சரில் போய் முடிக்கிறார்கள். கோடு எங்கே, டப்பா எங்கே, ஆட்டம் எது என்று அவர்களுக்கே தெரியாது. வாசகன் எதைப் புரிந்துகொள்வான்?

ஹௌ பேசி ஒன்பதாம் நாள், நவம்பர் 22 அன்று, தாட்சர் விலகலை அறிவித்தார். நடுவில் நடந்த கட்சித் தலைமைத் தேர்தலின் முதல் சுற்றில் அவருக்கு 204 வாக்கு, எதிர்த்து நின்ற ஹெசல்டைனுக்கு 152.

காமன்ஸுக்குள் டி.வி. கேமரா நுழைந்தது 1989 நவம்பரில்தான். நம் அதிர்ஷ்டம், இந்த உரைக்குப் பதிவு இருக்கிறது. படித்ததோடு நிறுத்தாமல் ஒருமுறை அதைப் போட்டுக் கேளுங்கள்.