சோதனையை முந்திய உற்பத்தி: எஃப்-35 போர் விமானத் திட்டம் ஒரு மதிப்பீடு

போர் விமானம் ஒன்றை வடிவமைத்து, பறக்கவிட்டுச் சோதித்து, வெளிப்படும் குறைகளைக் களைந்த பிறகே அதைத் தொழிற்சாலையில் தொடர்ச்சியாகத் தயாரிப்பது இயல்பான ஒழுங்கு. இந்த ஒழுங்கை மாற்றி, சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே உற்பத்தியையும் கொள்முதலையும் தொடங்கிவிடும் முறையை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையினர் 'கன்கரன்சி' என்று குறிப்பிடுவர். தமிழில் இதனை உடன்நிகழ் உற்பத்தி எனலாம். பனிப்போர்க் காலத்தில் இம்முறை பெரும்பயன் அளித்தது. நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவப்படும் போலாரிஸ் ஏவுகணையும் அதைச் சுமக்கும் கப்பலும் ஒருசேர உருவாக்கப்பட்டதால்தான், 1950-களின் நடுவில் திட்டமாக மட்டுமே இருந்த அந்த ஆயுதம் 1960 நவம்பரில் கடற்பணிக்குச் செல்ல முடிந்தது. எனினும் போலாரிஸ் ஒரே படைக்காக, ஒரே பணிக்காக உருவான கருவி என்பதை மறந்துவிடலாகாது.

எஃப்-35 அத்தகையதன்று. 2001 அக்டோபரில் போயிங் நிறுவனத்தை முந்தி லாக்ஹீட் மார்ட்டின் பெற்ற இத்திட்டம், விமானப்படைக்கு வழக்கமான ஓடுபாதையில் இயங்கும் ஏ வகை, மரைன் படைக்குக் குறுகிய தூரத்தில் எழும்பிச் செங்குத்தாக இறங்கும் பி வகை, கடற்படைக்கு விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் சி வகை என மூன்று விமானங்களை ஒரே வடிவிலிருந்து பெற முனைந்தது. முதல் விமானம் 2006 டிசம்பரில்தான் பறந்தது. அதுவும் எடைக்குறைப்புக்காக வடிவம் திருத்தப்படுவதற்கு முன் கட்டப்பட்டது. அடுத்த ஆண்டே உற்பத்தி ஒப்பந்தம் கையெழுத்தானது. கணினி மாதிரிகள் முன்னேறிவிட்டதால் வானில் கண்டறிய வேண்டிய குறைகள் மிகச் சிலவே இருக்கும் என்ற நம்பிக்கைதான் இந்த அவசரத்துக்கு அடித்தளம்.

அந்த நம்பிக்கை எங்கே பிழைத்தது என்பதைச் சி வகையின் கொக்கி தெளிவாகக் காட்டுகிறது. கப்பலின் மேல்தளத்தில் குறுக்கே கட்டப்பட்ட எஃகு வடத்தை விமானத்தின் வால்பகுதியில் உள்ள கொக்கி பற்றிக்கொள்ளும்போதுதான் அவ்வளவு குறுகிய தளத்தில் விமானம் நிற்கும். ரேடார் பார்வைக்குத் தப்பும் வடிவமைப்பில் கொக்கியை உடலுக்குள் மறைத்து வைக்க வேண்டியிருந்ததால், சக்கரத்துக்கும் கொக்கிக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 7 அடியாகச் சுருங்கியது. சக்கரம் ஏறி அழுத்திய வடம் மீண்டும் மேலெழுவதற்குள் கொக்கி அதைக் கடந்துவிட்டதால், தொடக்கச் சோதனைகளில் அது வடத்தைப் பற்றவே இல்லை. வடத்தின் அசைவைக் கணித்த கணினி மாதிரி தவறாக இருந்தது. கொக்கியின் முனையைக் கூர்மையாக்கி, அதைத் தளத்தோடு அழுத்திவைக்கும் அமைப்பையும் மாற்றிய பின், 2014 நவம்பரில் நிமிட்ஸ் கப்பலில் சி வகை வெற்றிகரமாக இறங்கியது. பொறியாளர்களின் திறமைக்கு இது சான்று. ஆயினும் இத்தகைய அடிப்படைக் குறை உற்பத்தி தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது என்பது ஒழுங்கு பிறழ்ந்ததற்கும் சான்றாகிறது.

அதே ஆண்டு ஜூன் 23 அன்று, புளோரிடாவின் எக்லின் தளத்தில் மேலெழும்ப ஓடிய ஒரு விமானத்தின் எஞ்சின் தீப்பற்றியது. காற்றை உள்ளிழுக்கும் விசிறிப் பகுதியின் மூன்றாம் அடுக்கு, தன்னைச் சூழ்ந்த உறையோடு அளவுக்கு மீறி உராய்ந்து சூடேறி விரிசல் கண்டதே காரணம். ஒரே எஞ்சின் எல்லா வகைகளிலும் இருந்ததால் அனைத்து விமானங்களின் பறப்பும் நிறுத்திவைக்கப்பட்டது. சோதனைக்கென நான்கைந்து விமானங்கள் மட்டுமே இருந்த கட்டத்தில் இக்குறை வெளிப்பட்டிருந்தால் திருத்தம் அவற்றோடு முடிந்திருக்கும். ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்ட எஞ்சின்களையும் திருத்த வேண்டிய நிலை நேர்ந்திராது. போதிய பறப்புச் சோதனைக்கு முன்பே உற்பத்தி முடிவை எடுத்ததை, பாதுகாப்புத் துறையின் கொள்முதல் பொறுப்பில் இருந்த பிராங்க் கெண்டல் 2012-இல், தொழில் நெறி தவறிய கொள்முதல் என்ற பொருள்பட வெளிப்படையாகவே கண்டித்தார்.

இம்முறையின் ஆதரவாளர்கள் கூறும் வாதத்தில் உண்மை உண்டு. உற்பத்தி வரிசை இடையறாது இயங்கினால் தொழிலாளர் திறன் கூடும், உதிரிபாகம் தருவோர் நிலைப்பர், விலை இறங்கும். தொடக்கத் தொகுதியில் 20 கோடி டாலரைத் தாண்டியிருந்த ஏ வகையின் விலை, 2019-இல் முடிவான ஒப்பந்தத்தில் 8 கோடி டாலருக்கும் கீழே வந்தது. உணர்கருவிகள் திரட்டும் செய்திகளை ஒருங்கிணைத்து விமானிக்குக் காட்டும் ஆற்றலில் இவ்விமானம் சிறந்தது என்பதும் மறுக்கத்தக்கதன்று. ஆனால் விற்பனை விலை முழுச் செலவாகாது. 2001-இல் 2,866 விமானங்களுக்கு 23,300 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட கொள்முதல் செலவு, 2012-இல் எண்ணிக்கை 2,457 ஆகக் குறைந்த பிறகும் 39,500 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

பெருஞ்சுமை அதற்குப் பின்தான் வருகிறது. தேவைப்படும் நேரத்தில் பணிக்கு ஆயத்தமாக இருக்கும் விமானங்களின் விகிதம் 2023 மார்ச்சில் ஏறத்தாழ 55 விழுக்காடே என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் கண்டறிந்தது. பழுதுநீக்க நிலையங்களில் 10,000-க்கும் மேற்பட்ட பாகங்கள் காத்துக்கிடந்தன. கொள்முதலில் காட்டிய வேகத்தைப் பழுதுநீக்க வசதிகளை அமைப்பதில் காட்டாததும், பராமரிப்புக்குத் தேவையான தொழில்நுட்பத் தரவுகளைத் தொடக்கத்திலேயே அரசு தன்வசப்படுத்தாமல் உற்பத்தியாளரைச் சார்ந்து நின்றதும் இதற்கு முதன்மைக் காரணங்கள். வாங்குவது என முன்கூட்டியே முடிவுசெய்துவிட்ட அரசுக்குப் பேரம் பேசும் வலிமை எஞ்சுவதில்லை.

2025 ஜூன் 14 அன்று திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கிய பிரிட்டன் கடற்படையின் பி வகை விமானம் ஒன்று, பழுது காரணமாக ஜூலை 22 வரை அங்கேயே நின்றதைத் தமிழ் வாசகர் அறிவர். ஒரு நிகழ்வை வைத்து ஒரு விமானத்தை எடைபோடுவது நியாயமாகாது. எனினும் பிரிட்டனிலிருந்து தனிப் பொறியாளர் குழுவும் கருவிகளும் வந்த பிறகே பழுதை நீக்க முடிந்தது என்பதைக் கருதினால், பராமரிப்பின் கடினம் விளங்கும்.

உடன்நிகழ் உற்பத்தியை முற்றாக விலக்க வேண்டியதில்லை. சோதனையின் ஒவ்வொரு கட்டமும் நிறைவேறும் வரை வாங்கத்தக்க விமானங்களின் எண்ணிக்கைக்கு ஒப்பந்தத்திலேயே உச்சவரம்பு விதித்து, அதற்கு முன் விற்கப்பட்டவற்றின் திருத்தச் செலவை உற்பத்தியாளரும் சுமக்கச் செய்தால் அதன் பயன் நிலைக்கும். எஃப்-35 திட்டத்தில் அத்தகைய கட்டுப்பாடு உரிய காலத்தில் இல்லை. முழு அளவு உற்பத்திக்கான முறையான ஒப்புதல் 2024 மார்ச்சில்தான் வழங்கப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 1,000 விமானங்கள் தயாராகிவிட்டிருந்தன. 2018-இல் 1.1 லட்சம் கோடி டாலராக இருந்த ஆயுட்காலப் பராமரிப்பு மதிப்பீடு 2023-இல் 1.58 லட்சம் கோடியாக உயர்ந்தது. படைகளோ முதலில் திட்டமிட்டதைவிடக் குறைந்த மணிநேரமே இவ்விமானத்தைப் பறக்கவிட இப்போது திட்டமிடுகின்றன.