எர்ரர் 809-உம் ஏழு படிப் பட்டியலும்

விபிஎன் கனெக்ட் ஆகவில்லை என்று யாரிடம் போய்ச் சொன்னாலும் கிடைப்பது ஒரே பட்டியல்தான். இன்டர்நெட் வருதான்னு பாருங்க. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஃபயர்வாலை ஆஃப் பண்ணுங்க. ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க. விபிஎன்னை அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க. நெட்வொர்க் ரீசெட் கொடுங்க. அதுக்கும் மசியலைன்னா வின்டோஸையே ஃபார்மட் பண்ணுங்க. வரிசை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், சரக்கு மாறாது.

சில சமயம் இது பலிக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் படியால் பலித்தது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, செய்தவருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வந்தால் மறுபடியும் முதல் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்னொன்று, பாதுகாப்புக்காகப் போட்ட ஒரு கருவி வேலை செய்வதற்காக, இருக்கிற பாதுகாப்பு இரண்டையும் கழற்றி வைக்கச் சொல்லும் பட்டியல் இது. கழற்றியதைத் திரும்ப மாட்டச் சொல்லும் எட்டாவது படியை நான் பெரும்பாலும் பார்த்ததில்லை.

எனக்கு இதில் பட்டியல் எழுதுபவர்கள் மேல் பெரிய கோபம் கிடையாது. மென்பொருள் வாயைத் திறந்து நடந்ததைச் சொன்னால் இந்தப் பட்டியல்களுக்கு வேலையே இருக்காது. அது சொல்வதில்லை. ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

வின்டோஸிலேயே இருக்கும் எல்2டிபி விபிஎன்னை எடுத்துக்கொள்வோம். பழசுதான், இருந்தாலும் சின்ன ஆபீஸ்களில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. எர்ரர் 809 வந்தால் திரையில் என்ன இருக்கும்? சர்வர் பதில் சொல்லவில்லை, நடுவில் இருக்கும் ஃபயர்வாலோ நேட்டோ ரௌட்டரோ விபிஎன்னை விடாமல் இருக்கலாம், உங்கள் அட்மினையோ இன்டர்நெட் கம்பெனியையோ கேளுங்கள். மொத்தம் இவ்வளவுதான். படித்ததும் நமக்கு என்ன தோன்றும்? குற்றம் வெளியில் எங்கேயோ இருக்கிறது என்று.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். எல்2டிபிக்குத் தானாக ரகசியம் காக்கத் தெரியாது, அதற்கு மேல் ஐபிசெக் என்ற உறை போட வேண்டும். நம் கம்ப்யூட்டர் முதலில் சர்வரின் யுடிபி 500-ஆம் போர்ட்டைத் தட்டும். பதில் வந்தால் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்து, நடுவில் நேட் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும். நேட் என்பது வேறொன்றுமில்லை, வீட்டில் உள்ள ஃபோன், டிவி, லேப்டாப் எல்லாம் ஒரே பொது முகவரியைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. அது இருந்தால் பேச்சு 4500-ஆம் போர்ட்டுக்கு மாறும். ஆக, 500-லேயே பதில் இல்லை என்றால் அது ஒரு வியாதி. 500-ல் பேசிவிட்டு 4500-ல் நின்றுபோனால் அது வேறு வியாதி. எங்கே நின்றது என்று நம் கம்ப்யூட்டருக்கு நன்றாகவே தெரியும். இரண்டுக்கும் சேர்த்து 809 என்று எழுதிவிடுகிறது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. சர்வரே ஒரு நேட்டுக்குப் பின்னால் இருந்தால், வின்டோஸ் இயல்பாகவே அந்த இணைப்பை ஏற்படுத்தாது. எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 காலத்திலிருந்து, அதாவது 2004-லிருந்து இதுதான் வழக்கம். பாதுகாப்புக் காரணம் சொல்லித்தான் மைக்ரோசாஃப்ட் இதை மூடி வைத்தது, அதில் தப்பில்லை. ஆனால் அப்போதும் திரை நடுவில் உள்ள ரௌட்டரைத்தான் கை காட்டுகிறது. வாசலை உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரன் விட மாட்டேங்கிறான் என்று சொல்வது போல. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை 2 என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் பூட்டு திறந்துவிடும். இணையத்தில் இந்த ‘2’ தாயத்து மாதிரி சுற்றுகிறது. எதற்காக மூடி வைத்தார்கள் என்ற அரை வரி மட்டும் கூடவே சுற்றுவதில்லை.

சரி, விவரம் வேண்டும் என்று ஈவென்ட் வியூவரைத் திறப்பீர்கள். அங்கே ராஸ்கிளையன்ட் என்ற பெயரில் 20227 என்று ஒரு பதிவு இருக்கும். இன்ன பயனர் இன்ன இணைப்பை முயன்றார், தோற்றது, பிழை எண் 809. போன ஊருக்கே வழி கேட்ட கதை.

நல்லதாகவும் எழுதத் தெரியும் அவர்களுக்கு. அதே குடும்பத்தில் எர்ரர் 868 என்று ஒன்று இருக்கிறது. சர்வரின் பெயரை முகவரியாக மாற்ற முடியவில்லை என்று சொல்லும். ஒரே காரணம், ஒரே இடம். பெயரைத் தப்பாக அடித்தோமா, டிஎன்எஸ் வேலை செய்யவில்லையா என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். மனசு இருந்தால் எழுத முடியும் என்பதற்கு 868 சாட்சி.

2022 ஜனவரி 11 அன்று வந்த வின்டோஸ் அப்டேட்டில் நிறைய எல்2டிபி இணைப்புகள் படுத்துவிட்டன. விண்டோஸ் 10-ல் அதன் எண் கேபி5009543. ஜனவரி 17-ல் அவசரத் திருத்தம் வந்தது. நடுவில் இருந்த அந்த ஆறு நாளை நினைத்துப் பாருங்கள். நேற்று வரை ஓடிய இணைப்பு இன்று ஓடவில்லை. மென்பொருளிடமிருந்து விளக்கம் இல்லை. பட்டியலில் உள்ள அத்தனையும் செய்தாலும் பயன் இல்லை. அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி “நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல என்ன மாறிச்சு?” என்பதுதான். எந்தப் பட்டியலிலும் இந்தக் கேள்வி முதல் வரியில் இருப்பதில்லை.

பிழை எண்ணே வராத கோளாறுகளில் பட்டியல் இன்னும் அபாயமாகிறது. திருநெல்வேலியில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் ஒரு நாள் ஃபோன் செய்தாள்.

“சித்தப்பா, லேப்டாப்பை ஃபார்மட் பண்ணணும்ங்கிறாங்க. என் சொந்த லேப்டாப். ஃபோட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு.”

“விபிஎன் கனெக்ட் ஆகுதாம்மா?”

“அதெல்லாம் ஆகுது. மெயில் கூட வருது. டீம் ஃபோல்டர் மட்டும் தொறக்க மாட்டேங்குது.”

“ஃபோன் ஹாட்ஸ்பாட்ல போட்டுப் பாத்தியா?”

“அதுல நல்லா வருது. அதனால பிராட்பேண்ட்காரங்களைக் கேளுங்கன்னு ஒருத்தர் சொல்றார், ஃபார்மட்னு இன்னொருத்தர் சொல்றார். ரெண்டு நாள் லீவு போட்டாச்சு.”

முந்தின வாரம் வீட்டில் ரௌட்டரை மாற்றியிருந்தார்கள். புது ரௌட்டர் வீட்டுக் கருவிகளுக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தது. ஆபீஸில் அந்த ஃபோல்டர் இருக்கும் சர்வரின் முகவரியும் 192.168.1.20. கம்ப்யூட்டர் பார்க்கிறது: இது நம்ம வீட்டு எண் ஆச்சே, எதுக்குச் சுரங்கத்துக்குள்ள அனுப்பணும்? வீட்டுக்குள்ளேயே தேடுகிறது, கிடைக்கவில்லை, தொங்குகிறது. விபிஎன்னில் கோளாறே இல்லை. ரௌட்டரில் போய் 192.168.57 என்று மாற்றச் சொன்னேன். பத்து நிமிட வேலை. ஃபார்மட் செய்திருந்தால் ஃபோட்டோ எல்லாம் போயிருக்கும், பிரச்சினை அப்படியே உட்கார்ந்திருக்கும்.

சொந்த உபயோகத்துக்கென்று 1996-லேயே மூன்று முகவரி வரிசைகளை ஒதுக்கிவிட்டார்கள். 10 என்று தொடங்கும் வரிசையில் மட்டும் சுமார் 1.67 கோடி முகவரிகள். அத்தனையையும் விட்டுவிட்டு, கடையில் வாங்கும் ரௌட்டர்களில் ஏகப்பட்டவை பெட்டியிலிருந்து எடுக்கும்போதே வைத்திருக்கும் 192.168.1-ஐ ஆபீஸுக்கு வைத்தவரை என்ன சொல்ல? ஹெல்ப்டெஸ்க் கேள்வித்தாளில் “உங்க வீட்டு ஐபி என்ன எண்ல ஆரம்பிக்குது?” என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்த இரண்டு நாள் லீவு மிஞ்சியிருக்கும்.

இதற்குப் பங்காளி ஒன்று உண்டு, எம்டியு. விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு உறை போடுவதால் அது பெருத்துப்போகிறது. ஈதர்நெட் 1500 பைட் தாங்கும், பிபிபிஓஇ பிராட்பேண்ட் 1492 தான். பெருத்த பாக்கெட் நடுவில் தடைபட்டால், சின்னதாக அனுப்பு என்று ஐசிஎம்பி செய்தி திரும்ப வர வேண்டும். ஐசிஎம்பி என்றாலே ஆபத்து என்று மொத்தமாக அடைத்து வைக்கும் ஃபயர்வால் வழியில் இருந்தால் அந்தச் செய்தி வராது. லாகின் ஆகும், பிங் போகும், பெரிய பக்கம் மட்டும் பாதியில் நிற்கும். இது 2000-லேயே ஆர்எஃப்சி 2923-ல் ஆவணமான விஷயம். பிங்கில் துண்டாக்காதே என்று சொல்லி 1472 பைட்டில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வந்தால் எந்த அளவு நுழைகிறது என்று தெரிந்துவிடும். தலைப்பு 28 பைட் சேர்ந்து 1500 ஆகும் கணக்கு.

“இந்தப் பழைய குப்பை எல்லாம் எதுக்கு, வயர்கார்ட் போட்டுட்டுப் போங்க” என்பார்கள் நண்பர்கள். எனக்கும் வயர்கார்ட் பிடிக்கும். ஐபிசெக்கின் பெரிய குறை அதன் சிக்கல்தான் என்று ஃபெர்கூசனும் ஷ்னையரும் 1999-லேயே எழுதினார்கள். அதற்கு நேர் எதிராக, நாலாயிரம் வரி அளவில் கோட் எழுதி, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6-க்குள்ளேயே போய் உட்கார்ந்தது வயர்கார்ட். எம்டியுவைக் கூட முன்யோசனையாக 1420 என்று வைத்துக்கொள்கிறது.

ஆனால் கோளாறு பார்க்கும் விஷயத்தில் அதுவும் சுத்தமில்லை. சாவி தப்பாக இருந்தால் சர்வர் வாயே திறக்காது. தெரியாதவன் தட்டினால் வீட்டில் ஆள் இருப்பதே தெரியக்கூடாது என்பது அதன் கொள்கை. சர்வர் பக்கம் அது நியாயமான கொள்கை, நான் மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் என் கம்ப்யூட்டரில் ஓடும் செயலி என்னிடமே ஏன் மௌனம் காக்க வேண்டும்? வின்டோஸ் செயலியில் ஸ்விட்சைப் போட்டதும் ‘ஆக்டிவ்’ என்று வந்துவிடுகிறது. எதிர்முனை ஒரு பைட் கூடப் பதில் தராவிட்டாலும் ஆக்டிவ்தான். புதிதாகப் போடுபவர் கனெக்ட் ஆகிவிட்டது, இன்டர்நெட்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ரௌட்டரை அணைத்து அணைத்துப் போடுவார்.

பக்கத்தில் உள்ள லாக் தாவலைத் திறந்தால் உண்மை வரி வரியாக ஓடிக்கொண்டிருக்கும்: ஹேண்ட்ஷேக் அனுப்பினேன், ஐந்து நொடியில் முடியவில்லை, மறுபடி அனுப்புகிறேன். 809-ஐ எழுதியவர்கள் தொலைத்த தகவல் இங்கே தொலையவில்லை, இரண்டாவது தாவலில் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்து ‘ஆக்டிவ்’ இருக்கும் இடத்தில் “12 தடவை தட்டிவிட்டேன், பதில் இல்லை. முகவரி, போர்ட், சாவி மூன்றையும் சரிபார்க்கவும்” என்று போட நாலாயிரம் வரியோடு இன்னொரு பத்து வரி சேர்ந்தால் போதும்.